மயங்கொலிச் சொற்களைக் குழந்தைகளுக்குக் கற்பித்தல்

மயங்கொலிச் சொற்கள் என்பவை, ஒலிக்கும்போது ஒன்றுபோலவோ ஏறக்குறைய ஒன்றுபோலவோ கேட்டு, எழுத்திலும் பொருளிலும் வேறுபடும் சொற்கள் ஆகும். புலி – புளி, மனம் – மணம், அரை – அறை ஆகியவை எளிய எடுத்துக்காட்டுகள். தமிழில் இவ்வகைக் குழப்பத்தைத் தரும் எழுத்துகள் எட்டு: ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களில் இவை ஆறாம் வகுப்பு இலக்கணப் பகுதியில் 'மயங்கொலிகள்' என்ற தலைப்பில் விளக்கப்படுகின்றன. ஆனால் குழந்தை முதல் வகுப்பில் எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே இவற்றோடு போராடுகிறது. பாடம் வருமுன்பே பிழை வந்துவிடுகிறது.

இப்பிழைகளை எல்லாம் ஒரே வகையாகக் கருதி, "கவனமாகக் கேட்டு எழுது" என்று சொல்வதே பல வகுப்பறைகளில் நடக்கிறது. உண்மையில் இவை மூன்று வகைப்படும். சிலவற்றைக் காதால் பிரித்தறியலாம். சிலவற்றைக் காதால் அறிய முடியாது, ஆனால் விதியால் அறியலாம். மீதியுள்ளவற்றைச் சொல்லின் பொருளோடு சேர்த்து நினைவில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்தப் பிழை எந்த வகை என்று ஆசிரியரும் பெற்றோரும் அறிந்துகொண்டால் கற்பித்தல் பாதி எளிதாகிவிடும். அதை விளக்குவதே இக்கட்டுரை.

பலபொருள் ஒருசொல்லும் மயங்கொலியும்

இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 'ஆறு' என்பது எண்ணையும் நதியையும் குறிக்கும். 'மாலை' பூமாலையையும் பொழுதையும் குறிக்கும். இவற்றில் ஒலியும் எழுத்தும் ஒன்றே. பொருள் மட்டும் வேறு. இவை பலபொருள் ஒருசொற்கள். இவற்றால் எழுத்துப்பிழை நேராது. 'வேலை' – 'வேளை' என்பதில் எழுத்து மாறுகிறது. எழுத்து மாறினால் பொருளும் மாறுகிறது. பிழை நேர்வது இங்கேதான்.

குழப்பம் ஏன் ஏற்படுகிறது?

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் பிறப்பியல் பகுதி, ஒவ்வொரு எழுத்தும் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று கூறுகிறது. அதன்படி தகரமும் நகரமும் பல்லின் அடியில் பிறப்பவை. டகரமும் ணகரமும் நாவின் நுனி அண்ணத்தைத் தொடுவதால் பிறப்பவை. றகரமும் னகரமும் ஓரிடத்தில் பிறப்பவை. ரகரமும் ழகரமும் நுனிநா அண்ணத்தை வருடுவதால் பிறப்பவை. லகரத்துக்கும் ளகரத்துக்கும்கூட ஒற்றுதல், வருடுதல் என்று வேறுபாடு சொல்லப்பட்டுள்ளது. எட்டு எழுத்துகளுக்கும் அன்று தனித்தனி ஒலி இருந்தது என்பது இதனால் விளங்கும்.

காலப்போக்கில் பேச்சில் சில ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து நிற்கிறது. நகரமும் னகரமும் இன்று பெரும்பாலோர் வாயில் ஒரே ஒலி. ரகரமும் றகரமும் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஒன்றாகிவிட்டன. இலங்கைத் தமிழில் 'ற்ற' இன்றும் பழைய ஒலியோடு ஒலிக்கிறது, மலையாளத்திலும் அப்படியே. நம் பேச்சிலோ அது 'த்த' ஆகிவிட்டது: காற்று 'காத்து', நேற்று 'நேத்து', ஆற்றில் 'ஆத்துல'. அதேபோல் மூன்று 'மூணு', ஒன்று 'ஒண்ணு'. ழகரம் தென்மாவட்டங்களில் ளகரமாகி 'பளம்' என்று கேட்கிறது. சென்னையிலும் சுற்றுவட்டாரப் பேச்சிலும் பலர் வாயில் யகரமாகி 'பயம்' என்று கேட்கிறது.

ஆகவே 'கறி' என்பதைக் 'கரி' என்று எழுதிய குழந்தை காது கொடுக்காமல் எழுதவில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறது. அதைக் கவனக்குறைவு என்று தண்டித்தால், தன் காதையே நம்பக்கூடாது என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். பிழைக்கு அஞ்சும் குழந்தை தெரிந்த நான்கு சொற்களுக்குள் எழுத்தைச் சுருக்கிக்கொள்கிறது. பிறகு எழுதுவதையே தவிர்க்கிறது. மயங்கொலிப் பிழையைவிட இந்த இழப்பு பெரிது.

முதல் வகை: காதால் அறியக்கூடியவை

லகரம், ளகரம், ழகரம் மூன்றையும், னகரம், ணகரம் இரண்டையும் தெளிவாக ஒலித்தால் வேறுபாடு கேட்கும். இவற்றுக்கு வாய்ப்பயிற்சி பயன் தரும். பிறப்பிலக்கணத்தைச் சொற்களால் விளக்குவதைவிட நாக்கைக் கொண்டே காட்டுவது நல்லது.

- குழந்தையை 'த' என்று சொல்லச் செய்து, நாக்கு பல்லைத் தொடுவதை உணரச் செய்யவேண்டும். அதே இடத்தில் 'ந'.
- அடுத்து 'ட'. நாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். அதே இடத்தில் 'ண', அதே இடத்தில் 'ள'.
- நாவின் நுனி மேல்பல்லுக்குச் சற்று மேலே ஈறில் பட்டால் 'ல', 'ன'.
- 'ள' சொல்வதற்கு வளைத்த நாக்கை அண்ணத்தில் தொடாமல் நிறுத்திக் காற்றைவிட்டால் 'ழ'.

'ட' என்பது குழந்தைக்கு ஏற்கெனவே சரியாக வரும் ஒலி. அதை வாயிலாகக் கொண்டு 'ண', 'ள' இரண்டையும் பிடித்துவிடலாம். ஒலி – ஒளி – ஒழி, வலி – வளி – வழி, தலை – தளை – தழை என்ற மூன்று சொல் வரிசைகளை ஆசிரியர் ஒலிக்க, கேட்ட எழுத்துக்குரிய அட்டையைக் குழந்தைகள் தூக்கிக் காட்டலாம். இதில் ஆசிரியரின் உச்சரிப்பு சரியாக இருப்பது முதல் நிபந்தனை.

ஓர் எச்சரிக்கை. ழகரத்தை வலியுறுத்தத் தொடங்கியதும் குழந்தைகள் எல்லாவற்றையும் ழகரமாக்குவர். 'வளர்ச்சி' 'வழர்ச்சி' ஆகும். 'வேளாண்மை' 'வேழாண்மை' ஆகும். இது கற்றலின் இடைநிலை. சில வாரங்களில் சரியாகிவிடும், கடிந்துகொள்ளத் தேவையில்லை.

இரண்டாம் வகை: விதியால் அறியக்கூடியவை

காது உதவாத பல இடங்களில் தமிழ் எழுத்தமைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன', 'சின்ன ர', 'பெரிய ற' என்று வகுப்பில் வழங்கும் பெயர்கள் எழுத்தின் வடிவத்தை மட்டுமே சொல்கின்றன. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பழைய பெயர்கள் விதியையே சொல்கின்றன: டகரத்துக்கு முன் ண் (வண்டி, நண்டு), தகரத்துக்கு முன் ந் (பந்து, தந்தை), றகரத்துக்கு முன் ன் (கன்று, குன்று). குன்றத்தூர் என்ற ஊர்ப் பெயரை எழுதத் தெரிந்த குழந்தைக்கு மூன்றாவது விதி ஏற்கெனவே தெரியும்.

குழந்தைகளுக்கு ஏற்ற வேறு சில விதிகள்:

1. சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே: நாய், நிலா, நூல். ண, ன இரண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. சொல்லின் நடுவில் உயிர்களுக்கிடையே வருவது பெரும்பாலும் ன அல்லது ண. செந்நெல், முந்நூறு போன்ற கூட்டுச் சொற்களும், அநியாயம், அநேகம் போன்ற வடசொற்களும் விலக்கு.

2. சொல்லின் இறுதியில் ற் வராது. ர் மட்டுமே வரும்: நீர், அவர், ஊர்.

3. ரகரமும் ழகரமும் இரட்டிக்கா. எனவே இரட்டித்துக் கேட்டால் அது ற்ற (வெற்றி), ல்ல (வெல்லம்) அல்லது ள்ள (வெள்ளம்) ஆகத்தான் இருக்கும்.

4. முதலில் ஒரே ஒரு குறில் வந்து, அடுத்து மெய்யாக ஒலித்தால் அது ற்: கற்க, நிற்க, விற்க, சொற்கள். 'கர்க்க', 'நிர்க்க' என்று எழுதுவது தவறு. தர்மம், சர்க்கரை, நிர்வாகம் போன்ற பிறமொழிச் சொற்களுக்கு இவ்விதி பொருந்தாது.

5. ற் என்பதை அடுத்து வல்லின மெய் இரட்டிக்காது; ர் என்பதை அடுத்து இரட்டிக்கலாம். எனவே பயிற்சி, முயற்சி என்று எழுத வேண்டும்; வளர்ச்சி, சேர்க்கை என்று எழுத வேண்டும். 'பயிற்ச்சி', 'முயற்ச்சி' என்று விளம்பரப் பலகைகளில் காணப்படுவன பிழை.

6. சொல்லின் இறுதியில் சேரும் உருபுகளுக்கும் விகுதிகளுக்கும் எழுத்து நிலையானது. பன்மையைக் குறிக்கும் 'கள்' எப்போதும் ள். பெண்பால் 'அவள், வந்தாள்' எப்போதும் ள். ஆண்பால் 'அவன், வந்தான்' எப்போதும் ன். 'வீட்டில், கையால்' என்பவற்றில் எப்போதும் ல். 'வந்தால்' என்றால் 'வரும் எனில்'. 'வந்தாள்' என்றால் அந்தப் பெண் வந்தாள். குழந்தைகளின் கட்டுரைகளில் இவை அடிக்கடி வரும் இடங்கள். இந்த ஒரு விதியைக் கற்பித்தாலே பல பிழைகள் மறையும்.

சொல்லை மாற்றிப் பார்த்தல்

விதிகளைவிடக் குழந்தைகளுக்கு எளிதான வழி ஒன்று உண்டு. மறைந்திருக்கும் எழுத்தை அறிய, சொல்லை வேறு வடிவத்துக்கு மாற்றிப் பார்ப்பது. நிகழ்ந்துவிட்டதாகச் சொல்லச் சொன்னால் போதும்.

- கொல் – கொன்றான். செல் – சென்றான். பயில் – பயின்றான். இங்கே ன்ற வந்தால் அடிச்சொல்லில் இருப்பது ல்.
- கொள் – கொண்டான். ஆள் – ஆண்டான். புரள் – புரண்டான். ண்ட வந்தால் இருப்பது ள்.
- வாழ் – வாழ்ந்தான்; வீழ் – வீழ்ந்தான். ழ் மாறாமல் நிற்கும்.

னகர, ணகரங்களுக்கும் இது பொருந்தும்: தின் – தின்றான், உண் – உண்டான். பெயர்ச்சொற்களிலும் இதே உறவைக் காணலாம்: பல் – பற்கள், கல் – கற்கள், முள் – முட்கள். தாம்பரத்திலிருந்து மின்தொடர்வண்டியில் போகும் குழந்தைக்குக் 'கடற்கரை' என்ற நிலையப் பெயர் நன்றாகத் தெரியும். கடல் என்பதன் ல் கரையோடு சேரும்போது ற் ஆனதை அதிலேயே காட்டிவிடலாம்.

இம்முறையின் சிறப்பு, விடை வெளியிலிருந்து வராமல் குழந்தையின் சொந்த மொழியறிவிலிருந்தே வருவதாகும். ஐந்து வயதுக் குழந்தைகூடக் 'கொண்டு' என்பதையும் 'கொன்னு' என்பதையும் பேச்சில் மாற்றிச் சொல்வதில்லை. தெரிந்த ஒன்றைக்கொண்டு தெரியாத எழுத்தைக் கண்டுபிடிக்க அதற்குக் கற்றுத் தருகிறோம்.

மூன்றாம் வகை: பொருளால் மட்டுமே அறியக்கூடியவை

கரி – கறி, அரை – அறை, கரை – கறை, இரை – இறை, எரி – எறி, பொரி – பொறி போன்றவற்றில், நம் பகுதிப் பேச்சில், காதும் உதவாது, விதியும் உதவாது. நேத்து, பத்து என்ற இரண்டும் பேச்சில் ஒரே 'த்து'வோடு கேட்டாலும், ஒன்றை நேற்று என்றும் மற்றதைப் பத்து என்றும் எழுத வேண்டும் என்பதும் இவ்வகையே. இவற்றைச் சொல்லின் பொருளோடும் எழுத்துருவோடும் சேர்த்து மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

இங்கே ஆசிரியர் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, குழந்தைக்கு இரு சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். அலகு – அளகு – அழகு என்ற வரிசை இலக்கண நூலுக்கு அழகு. ஆறு வயதுக் குழந்தைக்கு 'அளகு' (பெண் பறவை) தெரியாது. தெரியாத சொல்லோடு தெரிந்த சொல்லைப் பிணைத்தால் தெரிந்ததும் குழம்பும். முதல் மூன்று வகுப்புகளுக்குப் புலி – புளி, பல்லி – பள்ளி, மூலை – மூளை, கரி – கறி, ஏரி – ஏறி, அரை – அறை, பனி – பணி போன்ற இருபது இணைகள் போதும்.

இரண்டாவது, இணையின் இரு சொற்களையும் ஒரே நாளில் அறிமுகம் செய்யக்கூடாது. 'அறை' முதலில் வரட்டும். வகுப்பறை, சமையலறை, அறைக்கதவு என்று அதன் குடும்பத்தோடு இரண்டு வாரம் பழகட்டும். அது ஊன்றிய பின் 'அரை' வரலாம்: அரைமணி, அரைக்கிலோ, அரைப்பக்கம். இரண்டும் தனித்தனியே உறுதியான பிறகுதான் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். இறங்கு – இறக்கம் – இறக்கிவை என்பது ஒரு குடும்பம்; இரங்கு – இரக்கம் மற்றொரு குடும்பம். குடும்பமாகக் கற்ற சொல் எளிதில் தடம் மாறாது.

மூன்றாவது, தனிச்சொல்லாகச் சொல்வதெழுதுதல் வைக்கக்கூடாது. "கரி" என்று மட்டும் ஆசிரியர் சொன்னால் எந்தச் சொல்லை எழுதுவது? "அடுப்பில் கரி இருக்கிறது" என்று தொடராகச் சொல்லி, பிறகு சொல்லை மட்டும் எழுதச் சொல்வதே நியாயமான தேர்வு.

சுற்றுப்புறமே பாடநூல்

மணிமங்கலம் போன்ற ஊரில் இதற்கு வேண்டிய சொற்கள் தெருவிலேயே கிடைக்கின்றன. ஊரில் ஏரி இருக்கிறது. ஏரிக்கு கரை இருக்கிறது. "ஏரிக்கரையில் ஏறி நின்றான்" என்ற தொடரைக் குழந்தை கண்ணால் கண்டே எழுதலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு முறைமாற்று வேலைக்குப் போகும் பெற்றோர் பல வீடுகளில் இருக்கின்றனர். "அப்பாவுக்கு இன்று இரவு வேளையில் வேலை" என்பது அக்குழந்தையின் சொந்த வாழ்க்கைத் தொடர். 'பணியாளர் தேவை', 'அறை வாடகைக்கு' என்ற அறிவிப்புகள் தொழிற்பகுதிகளில் எங்கும் காணப்படுபவை. வாரம் ஒருநாள், வழியில் படித்த பலகைகளிலிருந்து மயங்கொலி எழுத்துள்ள ஐந்து சொற்களை எழுதி வரச் சொல்லலாம். பலகையிலேயே பிழை இருந்தால் அதைக் கண்டுபிடித்த குழந்தைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது.

வேடிக்கைத் தொடர்களும் நன்றாகப் பதியும்: "புலி புளி தின்னுமா?", "பல்லி பள்ளிக்கு வந்தது", "வெல்லம் வெள்ளத்தில் போயிற்று". இவற்றைக் குழந்தைகளே இயற்றி, படம் வரைந்து சுவரில் ஒட்டலாம்.

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். எழுத்தையே இன்னும் பழகாத அரும்பு நிலைக் குழந்தைக்கு மயங்கொலி இணைகள் சுமை. சொற்களைத் தடையின்றிப் படிக்கத் தொடங்கிய பின்பே இவற்றைத் தருவது பொருத்தம்.

வேறு தாய்மொழிக் குழந்தைகள்

இத்தொழிற்பகுதிக்கு ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தோரின் குழந்தைகளும் தமிழ்வழி வகுப்புகளில் அமர்கின்றனர். இவர்கள் எல்லோரையும் 'தமிழ் தெரியாத பிள்ளைகள்' என்று ஒன்றாகக் கருதக்கூடாது. ஒடிய மொழியில் ல–ள வேறுபாடும் ந–ண வேறுபாடும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. எனவே அக்குழந்தைகள் புலி – புளி வேறுபாட்டை எளிதில் கேட்பர். இந்தியில் ண உண்டு. ள பொதுவழக்கில் இல்லை. வங்காளத்தில் ண தனி எழுத்தாக இருந்தாலும் ன போலவே ஒலிக்கும், ள இல்லை. ழகரம் இவற்றில் எதிலும் இன்று இல்லை. குழந்தையின் தாய்மொழியில் உள்ள ஒலியைச் சொல்லவிட்டு அங்கிருந்து தமிழுக்கு வந்தால் கற்றல் விரைவாகும். ர – ற வேறுபாட்டைப் பொறுத்தவரை இவர்களும் தமிழ்க் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கின்றனர்.

பிழை திருத்தும் முறை

பிழையான சொல்லைப் பத்துமுறை எழுதச் சொல்வதால் கை வலிக்கும், காரணம் விளங்காது. அதற்கு மாற்றாகப் பின்வருவன பயன்படும்.

- பிழையைச் சுழித்தவுடன், "எந்தப் பொருளில் எழுதினாய்?" என்று கேட்க வேண்டும். 'மணம் வருந்தினான்' என்று எழுதிய குழந்தை, "மணம் என்றால் வாசனை அல்லவா?" என்று தானே கண்டுகொள்ளும்.
- பிழையின் பக்கத்தில் காது, விதி, பொருள் என்ற மூன்றில் எது என்று கா, வி, பொ எனச் சிறு குறியிடலாம். மாதக் கடைசியில் எந்தக் குறி அதிகம் என்று பார்த்தால் அக்குழந்தைக்கு என்ன பயிற்சி தேவை என்பது தெரியும்.
- கதை எழுதும்போது மயங்கொலிப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல், எழுதி முடித்த பின் தனியாகத் திருத்தச் செய்யலாம்.
- ஒவ்வொரு குழந்தையும் தனக்குக் குழப்பம் தரும் சொற்களை மட்டும் எழுதும் சிறு ஏடு வைத்திருக்கலாம். நன்கு பழகிய சொல்லைத் தானே அடித்துவிட வேண்டும்.

கணினியும் கைப்பேசியும்

கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் எழுதும் முறையில், மூன்று லகரங்களும் மூன்று நகரங்களும் சில விசைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. கருவி முதலில் காட்டும் சொல்லையே பலர் தேர்ந்தெடுக்கின்றனர். 'வந்தால்', 'வந்தாள்' இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்திகள் பெரும்பாலும் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் எட்டு எழுத்துகளுக்கும் தனித்தனி விசைகள் உண்டு. அதில் தட்டச்சுப் பழகும் மாணவர் ஒவ்வொரு முறையும் எந்த எழுத்து என்று தாமே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், அதுவே ஒரு பயிற்சியாகிறது.

பெற்றோர் செய்யக்கூடியவை

வீட்டில் பேச்சுவழக்கை மாற்ற வேண்டியதில்லை. 'நேத்து', 'மூணு' என்று பேசுவது பிழையன்று; அது பேச்சுத்தமிழ். நாள்தோறும் பத்து நிமிடம் கதைப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டி, எழுத்தில் உள்ளபடி 'நேற்று', 'மூன்று' என்று ஒலித்தால் போதும். பேசுவது ஒருவிதம், எழுதுவது ஒருவிதம் என்பதைக் குழந்தை இயல்பாகப் பிரித்துக்கொள்ளும். எழுதப் படிக்க அதிகம் தெரியாத பெற்றோரும் உதவலாம்: குழந்தை எழுதிய சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டு, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாலே மூன்றாம் வகைப் பிழைகளுக்கு நல்ல பயிற்சி கிடைத்துவிடும்.